அரசாங்கத்தின் பதினைந்து புழுக்கள்

நூறு புழு தோண்டினால் அதில் எண்பத்தைந்துதான் தன்னுடையது என்று லீட்டா டோர் கணக்கு வைத்திருந்தாள். மீதிப் பதினைந்தும் அரசாங்கத்தின் புழுக்கள். தூண்டில்காரர்கள் இரைக்கு வாங்கும் ரத்தப்புழு அது. ஒரு சாண் நீளம், வாயில் நான்கு பல், கடித்தால் குளவி கொட்டியது போலிருக்கும். பதினைந்தில் ஒன்று கடித்துவிட்டால் மட்டும் லீட்டா கூடுதலாக ஒரு வசவு சேர்த்துக்கொள்வாள்.

கூலிக்குப் போகிறவனுக்குப் பென்ஷன் வரியில் பாதியை முதலாளி கட்டுவான். கடல் வடிந்த சேற்றில் முழங்கால் புதையத் தனியாக நிற்பவளுக்கு முதலாளியும் அவளே, கூலியும் அவளே. இரண்டு பாதியும் அவள் தலையில்தான் விழும். அதனால்தான் நூற்றுக்குப் பதினைந்து. இருபத்தாறு வருஷமாக அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வருஷம் தவறாமல் மார்ச் முதல் தேதிக்குள் கட்டி வந்தாள். ஊருக்கெல்லாம் ஏப்ரல் என்றால் கடலில் பிழைப்பவர்களுக்கு மார்ச் ஒன்று. ரசீதுகள், அரசாங்கத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமலே ஃபிரிட்ஜ் தலையில் இருக்கும் ஒரு பூட்ஸ் பெட்டிக்குள் போகும். பிப்ரவரிக் கடைசியில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளெனிஸ் வீட்டுக்குப் போவாள்.

கிளெனிஸ் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடுப்பகலில் தன் சமையலறை மேஜையில் துறைமுகத்துக்காரர்களின் வரிக் கணக்கு எழுதுவாள். அந்தப் பிப்ரவரியில் லீட்டாவின் காகிதங்களைக் கூட்டி முடித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

"போன வருஷம் வாரிக் குவிச்சிருக்கடி."

"நோய்க்குப் பயந்து ஊர் ஊரா வேலையை மூடிட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம் தூண்டிலைத் தூக்கிட்டு ஓடினானுங்க. புழு வித்துச்சு. நான் என்ன பண்ணட்டும்."

"சொந்தத் தொழில் வரி மட்டும் ஐயாயிரத்து முந்நூத்தி எழுபது டாலர். இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"படகு மோட்டார் செத்துப்போச்சு. பழைய மோட்டாரே ரெண்டாயிரத்து நூறு சொல்றான். ஏப்ரல்ல சேத்துல இறங்கணும். தீவுப் பக்கம் போகலைன்னா கரையோரத்துல கிழவனுங்களோட நின்னு ஒரு நாளைக்கு இருநூறு புழு தோண்டிட்டு வரணும்." காபிக் கோப்பையை நகர்த்தி வைத்து, "வைமன் கொட்டகையில ஒண்ணு சும்மா கிடக்காம். எடுத்துட்டுப் போம்மா, புழுவுல கழிச்சுக்கலாம்கறார்" என்றாள்.

புழு வியாபாரி வைமனிடம் முன்பணம் வாங்குவது என்றால் என்னவென்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கடன் தீரும்வரை வேறு எவனிடமும் விற்க முடியாது. அவர் சொல்வதுதான் விலை, அவர் எண்ணுவதுதான் எண்ணிக்கை. லீட்டாவின் அப்பா ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு மோட்டாரும் வைமனின் அப்பாவிடம் கடனாக வாங்கினார். அதைத் தீர்க்கப் பதினான்கு வருஷம் ஆனது. அறுந்தது, சிறுத்தது என்று நூற்றுக்கு இருபது புழு எண்ணுமேஜையில் ஒதுங்கும். ஒதுங்கியதும் வைமனின் தொட்டிக்குள்தான் போகும். சிறுமியாக மேஜையோரம் நின்று லீட்டா அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

"இந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு வழி இருக்கு" என்றாள் கிளெனிஸ். "நோய்க் காலத்துக்குன்னு சட்டம் போட்டிருக்காங்க. மார்ச் கடைசிக்கு அப்புறம் சம்பாதிச்சதுக்கான பென்ஷன் வரியில பாதியைத் தள்ளி வைக்கலாம். நீ ஏப்ரல்லதானே இறங்கின, அதனால உனக்கு முழுசும் சேரும். மொத்தத்துல இருக்கற வைத்தியப் பங்கு இதுல சேராது, அதைக் கழிச்சா ரெண்டாயிரத்து நூத்தி எழுபது. இப்ப கட்ட வேண்டாம். அதுல பாதி இந்த வருஷக் கடைசிக்குள்ள, மீதி அடுத்த வருஷக் கடைசிக்குள்ள."

"வட்டி?"

"கிடையாது. தேதி தவறினா எல்லாம் உண்டு."

"வயசான காலத்துல பென்ஷன்ல வெட்டுவாங்களா?"

"மாட்டாங்க. கட்டினதாத்தான் கணக்கு."

லீட்டா கோப்பையில் ஆறிப்போன காபியைப் பார்த்தாள். "கவர்மென்ட்டு என் புழுவை எண்ண வருமா?"

"அதுக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப அதுக்கே கடன்படறேன். எழுது."

வீட்டில் புருஷன் ஓரினுக்கு இது பிடிக்கவில்லை. அவனும் முப்பது வருஷம் புழு தோண்டியவன்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் இப்போது சேற்றில் இறங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் செய்வான். "கடன் கடன்தான்" என்றான்.

"யாருகிட்டங்கறது இருக்குல்ல" என்றாள் லீட்டா.

மோட்டார் வந்தது. பதினைந்து குதிரை சக்தி, நீலப் பெயிண்ட் உரிந்தது, இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தீவுகளுக்கு அப்பால் யாரும் கொத்தாத சேற்றில் கொத்தினாள். வைமனிடமும் விற்றாள், விலை கூட இருந்த நாட்களில் வளைகுடாவைச் சுற்றி இருபத்து மூன்று மைல் ஓட்டி ஹோலிஸிடமும் விற்றாள்.

நவம்பர் வந்ததும் வழக்கம்போல வரிப் பணத்தை எடுத்து ஊசியிலைத் தழை வாங்கினாள். அது அவர்கள் வீட்டு வழக்கம். அரசாங்கத்தின் பணம் மார்ச் வரை பேங்கில் சும்மா தூங்குவதை லீட்டா ஒப்புக்கொள்ள மாட்டாள். காட்டில் தழை ஒடிப்பவர்களிடம் கட்டுக் கட்டாக வாங்குவாள். ஓரின் அடுப்பருகே உட்கார்ந்து கம்பி வளையத்தில் அவற்றைச் சுற்றிக் கட்டுவான். வாசற்கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையம், அறுநூறு. கம்பெனிக்காரன் லாரியில் ஏற்றிப்போவான். செக் ஜனவரி நடுவில் வரும். வரிப் பணமும் திரும்பிவிடும், மேலே கொஞ்சம் ஒட்டியும் இருக்கும். மார்ச் ஒன்றுக்கு எல்லாம் தயார்.

கிளெனிஸ் "வருஷக் கடைசி" என்று சொன்னது லீட்டாவின் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் லீட்டாவின் வருஷம் மார்ச் ஒன்றில்தான் முடியும். வரி என்றால் மார்ச். வேறொரு தேதியில் அரசாங்கத்துக்குப் பணம் அனுப்பியதே இல்லை.

டிசம்பர் இருபத்தொன்பது, புதன்கிழமை. பண்டிகைப் பலகாரத்துக்கென்று அந்த ஊரில் மான் கறி போட்டுக் காய்ச்சும் இனிப்புப் பூரணம் ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு கிளெனிஸ் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பேசிக்கொண்டிருந்தவளின் கண் ஃபிரிட்ஜ் மேலே போனது.

"பெட்டி கனமா இருக்கா இந்த வருஷம்?"

"வழக்கம்போலத்தான். நீ பிப்ரவரியில பாரு."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதே" என்று கிளெனிஸ் பெட்டியை இறக்கினாள். மூன்றாவது உறையைக் கிழித்துப் படித்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். "லீட்டா. அந்த முதல் பாதியை அனுப்பிட்டியா, இல்லையா?"

"எந்தப் பாதி?"

"தள்ளி வச்சியே, அதுல பாதி. ஆயிரத்து எண்பத்தஞ்சு. ஞாபகப்படுத்தி லெட்டர் போட்டிருக்கான். அக்டோபர்ல வந்திருக்கு."

"மார்ச்ல கட்டிடலாம்."

"மார்ச் இல்லடி. வெள்ளிக்கிழமை."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ஓரின் கம்பிச் சுருளைத் தரையில் வைத்தான். "தவறினா?"

"தள்ளி வச்ச சலுகையே போயிடும்னு பேசிக்கிறாங்க. முதல்லேர்ந்து அபராதம், வட்டி. எவ்வளவுன்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலை. இந்தச் சட்டம் எனக்கும் புதுசு." கிளெனிஸின் முகம் சிவந்திருந்தது. "நான் ஒரு போன் போட்டிருக்கணும். பஸ்ஸு, பனி, கிறிஸ்துமஸ்னு மறந்துட்டேன்."

"நீ என்ன பண்ணுவ. லெட்டர் என் தலைக்கு மேலயே உக்காந்திருந்துச்சு."

பேங்கில் முந்நூறு டாலர் இருந்தது. மற்றதெல்லாம் தழையாகி, வளையமாகி, யார் யார் வீட்டு வாசற்கதவிலோ தொங்கிக்கொண்டிருந்தது. ஓரின் கம்பெனிக்குப் போன் செய்தான். அலுவலகம் ஜனவரி பத்து வரை மூடியிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது.

லீட்டா சுவரில் தொங்கிய வற்றம்-ஏற்றம் நாட்காட்டியைப் பார்த்தாள். அமாவாசை ஞாயிறன்று. தண்ணீர் நாளுக்கு நாள் அதிகமாக வடியும். அந்த வருஷம் குளிர் இன்னும் இறுகவில்லை, சேறு உறையவில்லை. பகலில் வியாழன் ஒரு வற்றம், வெள்ளி ஒரு வற்றம். ஆனால் வெள்ளி நண்பகலுக்குத் தபாலாபீஸ் மூடிவிடும், தண்ணீர் வடிவதோ பிற்பகலில். ஆக ஒரே ஒரு வற்றம்தான்.

"ஒரு வத்தத்துல எண்ணூறு டாலரா?" என்றான் ஓரின்.

"ஆகாது. அதுக்காகப் படுத்துக்கிட்டா மட்டும் ஆகுமா?"

வியாழன் மதியம் மோட்டார் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. குளிர்காலத்தில் புழு ஆழத்துக்குப் போய்விடும். ஐந்து பல் கொத்துக்கருவியை இரண்டு தடவை இறக்க வேண்டிய இடத்தில் நான்கு தடவை இறக்க வேண்டியிருந்தது. கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் சேறு பூட்ஸைப் பிடித்து இழுத்தது. வெளிச்சம் மங்கும்வரை கொத்தி முந்நூற்றி எண்பது புழு எடுத்தாள். கரையேறும்போது வைமன் தன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது, சலவை செய்த சட்டை, அமைதியான குரல்.

"இந்தக் குளிர்ல யாரும்மா இறங்குவா? ஏதோ அவசரம் போல."

"ஒரு பணம் கட்டணும்."

"எவ்வளவு?" லீட்டா குனிந்து படகைக் கட்டினாள். ஆனால் சின்ன ஊர். "எண்ணூறுன்னு கேள்விப்பட்டேன். வந்து வாங்கிக்கோ. ஒரு கையெழுத்துப் போடு. வசந்தத்துல புழுவை இங்கயே குடு. வட்டியெல்லாம் கேக்க மாட்டேன். உங்க அப்பாவும் எங்க அப்பாவும் அப்படித்தானே இருந்தாங்க."

"அப்படித்தான் இருந்தாங்க" என்றாள் லீட்டா. "காலையில சொல்றேன்."

வீட்டில் நிலவறைக் குளிரில் கடற்பாசி பரப்பிய தட்டுகளில் புழுக்களைக் கிடத்தினாள். ஓரின் படிக்கட்டின் மேலிருந்தே பார்த்தான், கீழே இறங்க முழங்கால் விடாது.

"வாங்கிக்கலாமா?" என்று கேட்டான். "ஒரு வருஷம்தானே."

"எங்க அப்பாவும் ஒரு வருஷம்னுதான் சொன்னார்."

"அபராதம் கட்டினாலும் கட்டலாம். சலுகையைத் தூக்கிட்டுப் போகட்டும்."

"எவ்வளவுன்னு தெரியாத அபராதம். ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்ச குழி, இன்னொண்ணு தெரியாத குழி." தட்டின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். "காலையில வைமன்கிட்டப் போறேன். வேற வழி தெரியலை."

வெள்ளி காலை எட்டு மணிக்கு அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கிளெனிஸ்.

"கிளம்பிட்டியா? கிளம்பாதே. நாளைக்கு ஒண்ணாந் தேதி, சனிக்கிழமை. சனிக்கிழமை லீவு வந்தா கவர்மென்ட் ஆபீஸ்காரனுங்க அதை முன்னாடி நாளே எடுத்துப்பாங்க. அதனால இன்னிக்கு அவங்களுக்கு லீவு. கடைசித் தேதி லீவு நாள்ல விழுந்தா அடுத்த வேலைநாள். திங்கள்கிழமைடி. மூணாந் தேதி. விடியக்காலைலேர்ந்து தேடி அவங்க எழுதியிருக்கிறதையே படிச்சுட்டேன்."

"தபாலாபீஸ் தெறந்திருக்கே இன்னிக்கு?"

"தபாலாபீஸ் வேற சாமி. தபால் முத்திரை திங்கள்கிழமை விழுந்தாப் போதும். எத்தனை வத்தம் இருக்கு உனக்கு?"

லீட்டா நாட்காட்டியைப் பார்த்தாள். "மூணு."

"போ அப்ப. ஏன் போனைப் பிடிச்சுட்டு நிக்கிற."

வெள்ளி நானூற்றுப் பத்து. சனி நானூற்று எழுபது. சனிக்கிழமை தூறல் போட்டது, உறைபனியைவிட அது மேல். ஞாயிறன்று கடல் வழக்கத்துக்கு மீறிப் பின்வாங்கி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வெளியே தெரியும் சேற்றை விட்டுவிட்டுப் போனது. மோட்டார் இல்லாமல் எவனும் எட்ட முடியாத இடம். தலைவிளக்கை ஏற்றிக்கொண்டு ஐந்நூற்றி இருபது எடுத்தாள். அதில் ஒன்று கையுறையின் கிழிசல் வழியாகக் கட்டைவிரலில் கடித்தது. "உன் பங்குதான் இது" என்று அதைத் தட்டில் போட்டாள்.

திங்கள் காலை தட்டுகளை ஏற்றிக்கொண்டு முதலில் வைமனிடம்தான் போனாள். பக்கத்துக் கொட்டகை, நேரமும் குறைவு. அவர் தட்டுகளைப் பார்த்தார், ஒரு புழுவை எடுத்து இழுத்து நீளம் பார்த்தார்.

"நல்ல புழு. ஒண்ணுக்கு முப்பது சென்ட் தரேன்."

"அக்டோபர்ல நாப்பத்தஞ்சு குடுத்தீங்க."

"அது அக்டோபர். இப்ப எவன் தூண்டில் போடுறான்? தொட்டியில போட்டு நான்தானே காவல் காக்கணும். இன்னிக்குத்தானே கட்டணும் நீ? குறையறதை நான் போட்டுத் தரேன்னு அன்னிக்கே சொன்னேன். இந்தா பேனா."

அவர் குரலில் கொடுமை ஒன்றும் இல்லை. மேஜை ஓரத்தில் காகிதம் தயாராக இருந்தது. அந்த மேஜை லீட்டாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் நெஞ்சுக்கு இருந்த உயரம் இப்போது இடுப்புக்கு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்களுக்கு நான் ஏதாவது பாக்கி வச்சிருக்கேனா, வைமன்?"

"ச்சே, இல்ல. நீ எப்பவும் நேர்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்து அடுக்கினாள். அவரே ஒரு தட்டைத் தூக்கி வண்டி வரை கொண்டுவந்து கொடுத்தார். அவளைத் தடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

"முப்பத்தஞ்சு" என்றார் வண்டி கிளம்பும்போது. அவள் கையை மட்டும் அசைத்தாள்.

பேங்கில் நின்று முந்நூறையும் எடுத்துக்கொண்டு, வளைகுடாவைச் சுற்றி இருபத்து மூன்று மைல் ஓட்டினாள். ஹோலிஸ் பருத்த ஆள், வாய் ஓயாதவர். மேற்குக் கரைக்குப் பெட்டி அனுப்ப வேண்டியிருந்ததால் புழுவைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார்.

"யாரை வெட்டிப் புதைச்சுட்டு வர? தலைமுடியெல்லாம் சேறு."

"விலையைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

"நாப்பத்தஞ்சு. அறுந்ததை ஒதுக்குவேன்."

"எனக்கு முன்னாடி ஒதுக்குங்க. ஒதுக்கினதை நான் எடுத்துட்டுப் போவேன்."

"எதுக்கு, வளக்கவா?" என்று சிரித்தாலும் அவள் கண்ணெதிரே எண்ணினார். ஆயிரத்து எழுநூற்றி எண்பதில் இருபத்திரண்டு ஒதுங்கியது. எழுநூற்றுத் தொண்ணூற்றி ஒரு டாலர், பத்து சென்ட். இருபத்திரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு அவளிடமே நீட்டினார். புது வருஷத்து நாட்காட்டி ஒன்றையும் சுருட்டிக் கொடுத்தார்.

அந்த ஊர்த் தபாலாபீஸிலேயே மணியார்டர் எடுத்தாள். ஒரு தாளில் ஆயிரத்துக்கு மேல் எழுத மாட்டார்கள் என்பதால் இரண்டு தாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண், லீட்டாவின் கையிலிருந்த சேறு நோட்டில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு எண்ணினாள். கிளெனிஸ் எழுதிக் கொடுத்திருந்த சீட்டோடு இரண்டையும் உறைக்குள் போட்டு ஒட்டி, "முத்திரையை இங்கயே, நான் பாக்கறப்பவே குத்துங்க" என்றாள் லீட்டா.

"எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க, வரின்னா" என்று அந்தப் பெண் ஓங்கிக் குத்தினாள். ஜனவரி மூன்று. மணி இரண்டு இருபது.

வீடு திரும்பும்போது கையில் இரண்டு டாலரும் சில்லறையும் ஒரு டப்பா அறுந்த புழுவும் மிச்சம். ஓரின் வாசலுக்கே வந்து நின்றிருந்தான். அவள் பூட்ஸைக் கழற்றியதும் சுவரோரம் போய்ப் பழைய நாட்காட்டியை எடுத்துவிட்டு ஹோலிஸுடையதை மாட்டினான்.

"வைமனோடது வருஷா வருஷம் சும்மா வரும். இனிமே வராது" என்றான்.

"வரும். ஏப்ரல்ல அவருக்கும் புழு வேணும்."

அவன் கடைசித் தாளைப் புரட்டி, பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டான். "மீதிப் பாதி. டிசம்பர் முப்பத்தொண்ணா? அதுவும் சனிக்கிழமைதான். கிளெனிஸைக் கேட்டா, இதுவும் மூணாந் தேதிக்குத் தள்ளும்னு சொல்லுவா."

"நீ நவம்பர்ல எழுது" என்றாள் லீட்டா. "தழை வாங்கறதுக்கு முந்தி."

அவன் நவம்பர் முதல் தேதியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டான். லீட்டா ஃபிரிட்ஜ் மேலிருந்து பூட்ஸ் பெட்டியை இறக்கி, மீதியிருந்த உறைகளை மேஜையில் கொட்டி, கட்டைவிரலில் புழு கடித்த இடம் எரிய எரிய ஒவ்வொன்றாகக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தாள்.